விரலால் மண்ணைத் தொட்டுப் பாருங்கள்

(கோடை விடுமுறைக்கு முன் நடந்த குறுவள மையக் கூட்டத்தில், நடுநிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கோடையில் வீட்டுத் தோட்டத்தைக் காப்பாற்றுவது எப்படி என்று பேசச் சொன்னார்கள். நான் தோட்டக்கலை படித்தவள் அல்ல. வேலூருக்குப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். வீட்டின் பின்புறம் அரை சென்ட் இடமும் மாடியில் 25 தொட்டிகளும் இருக்கின்றன. அவ்வளவுதான் என் தோட்டம். எங்கள் ஊர் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது எங்களுக்குச் செய்தியே அல்ல. அந்த வெயிலில் செடி வளர்க்க நான் கற்றுக்கொண்டது, நானே செய்த ஒரு தவற்றுக்குப் பிறகுதான். அதையே முதலில் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஆண்டுத் தேர்வு முடிந்த கடைசி நாளில், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் 32 பேருக்கும் ஆளுக்கொரு கறிவேப்பிலைக் கன்று கொடுத்தேன். "தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது எத்தனை இலை வந்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டு வர வேண்டும்" என்று சொன்னேன். பிள்ளைகள் கன்றைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு போனார்கள். படம் எடுத்து ஆசிரியர் குழுவில் போட்டேன். பாராட்டுகள் வந்தன.

ஜூனில் பள்ளி திறந்தது. 32 கன்றுகளில் உயிரோடு இருந்தவை ஐந்து.

ஒரு மாணவி காய்ந்த குச்சியோடு அந்தக் கறுப்புப் பையை அப்படியே எடுத்து வந்திருந்தாள். "டீச்சர், நான் ஒரு நாள்கூட மறக்கல. காலைல ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு ஊத்தினேன்" என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள். பையைக் கிழித்துப் பார்த்தேன். மண் சேறாக இருந்தது. வேர் கறுத்து அழுகியிருந்தது. பையை ஓர் ஓட்டையில்லாத பெயின்ட் டப்பாவுக்குள் வைத்திருக்கிறாள். ஊற்றிய தண்ணீர் வெளியே போக வழியில்லை. கோடையிலே ஒரு செடி தண்ணீரில் மூழ்கிச் செத்திருக்கிறது. அவள் செய்த பிழை ஒன்றுமில்லை. நான் சொன்னதை அப்படியே செய்தாள்.

இன்னொரு மாணவன் எண்ணிக்கை கேட்டபோது எழுந்திருக்கவே இல்லை. பிறகு தனியாக அழைத்துக் கேட்டேன். அவர்கள் தெருவில் நான்கு நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர் வரும். "குடிக்கவே தண்ணி இல்ல, செடிக்கு எங்கடா போறது?" என்று அம்மா கேட்டிருக்கிறார். அந்த அம்மா கேட்டது நியாயம். அவன் ஏதோ குற்றம் செய்தவன்போல் தலையைக் குனிந்து நின்றதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்று மாலை வீட்டில் என் மாமியாரிடம் இதைச் சொன்னேன். அவர் பள்ளிக்கூடம் போகாதவர். மண்ணோடு வாழ்ந்தவர். "தினமும் ஊத்துன்னு யாரும்மா சொல்வாங்க? மண்ணுல வெரல வெச்சுப் பாரு. ஈரம் இருந்தா விட்டுடு. காஞ்சிருந்தா ஊத்து" என்றார். பி.எஸ்ஸி., பி.எட். படித்த நான் பிள்ளைகளுக்குச் சொல்ல மறந்தது அதைத்தான். நான் ஒரு கட்டளை கொடுத்தேன். பார்க்கக் கற்றுக்கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு என் தோட்டத்தில் நான் பார்த்துக் கற்றவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். எல்லாமே நம் பாடப்புத்தகத்தில் ஏதோ ஒரு பாடத்தோடு சேர்பவைதாம்.

செடி ஏன் வாடுகிறது?

கிளையில் பாலித்தீன் பையைக் கட்டி நீராவிப்போக்கைக் காட்டும் சோதனையை நாம் எல்லோரும் செய்திருக்கிறோம். இங்கிலாந்தில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார் இதை அளந்தே பார்த்தார். ஒரு சூரியகாந்திச் செடியைத் தொட்டியில் வைத்து, மண்ணிலிருந்து நீர் ஆவியாகாதபடி மேலே ஈயத் தகட்டால் மூடி, நாள்தோறும் காலையும் மாலையும் எடை போட்டார். ஒரு பகலில் அந்த ஒற்றைச் செடி சராசரியாக அரை லிட்டருக்கும் மேல் நீரை இலை வழியே வெளியேற்றியதைக் கண்டார். 1727-இல் வெளிவந்த தம் நூலில் இதை எழுதியிருக்கிறார். அது இங்கிலாந்தின் வெயில். நம் ஊர்ச் சித்திரை வெயிலை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

உச்சி வெயிலில் வேர் உறிஞ்சும் வேகத்தைவிட இலை இழக்கும் வேகம் அதிகம். அதனால் மண்ணில் ஈரம் இருந்தாலும் பூசணி, பீர்க்கு, கத்தரி போன்ற அகன்ற இலைச் செடிகள் பிற்பகலில் துவளும். வெயில் தாழ்ந்ததும் நிமிர்ந்துவிடும். அதைப் பார்த்துப் பதறித் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. காலையிலும் துவண்டே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அப்போதும் இரண்டு காரணங்கள் இருக்கலாம். மண் காய்ந்திருக்கலாம், அல்லது ஈரம் மிகுந்து வேருக்குக் காற்று கிடைக்காமல் போயிருக்கலாம். இரண்டுக்கும் இலை ஒரே மாதிரிதான் துவளும். இலையைப் பார்த்து முடிவெடுக்க முடியாது. விரலை இரண்டு கணு அளவுக்கு மண்ணில் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எப்போது, எப்படி ஊற்றுவது?

கோடையில் காலை 7 மணிக்குள் ஊற்றுவது நல்லது. வெயில் ஏறுவதற்குள் வேர் நீரை எடுத்துக்கொள்ளும். காலையில் பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் முடியாதவர்கள் வெயில் தாழ்ந்தபின் ஊற்றலாம். ஆனால் மாடித் தோட்டக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேல்நிலைத் தொட்டி நீரும் வெயிலில் கிடந்த குழாய் நீரும் மாலையில் கொதிக்கும். ஒருமுறை நான் குழாயைத் திறந்து நேரே கீரைப் பாத்தியில் பிடித்துவிட்டேன். நாற்றுகள் வெந்துபோயின. இப்போது இரவே இரண்டு வாளியில் பிடித்து வைத்துவிடுகிறேன்.

நாள்தோறும் மேலாகத் தெளிப்பதைவிட, ஊற்றும்போது ஆழமாக ஊற்றுவது சிறந்தது. ஈரம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வேர் போகும். மேல்மண் மட்டும் நனைந்தால் வேரும் மேலேயே நின்றுவிடும். அங்கேதான் சூடும் அதிகம். தொட்டியின் அடித்துளையில் சிறிது நீர் எட்டிப் பார்க்கும்வரை மெதுவாக ஊற்றுங்கள். தென்னை நார்க்கழிவு கலந்த மண் முழுதும் காய்ந்துவிட்டால் தண்ணீரை உள்வாங்காது. ஓரமாக வழிந்து கீழே ஓடிவிடும். 'ஊற்றிவிட்டேன், வெளியே வந்துவிட்டது' என்று நாம் நினைப்போம். வேர் காய்ந்தே இருக்கும். அப்படிப்பட்ட தொட்டிக்குச் சிறிது சிறிதாக மூன்று முறை ஊற்றுங்கள், அல்லது தொட்டியையே தண்ணீர் உள்ள அகன்ற பாத்திரத்தில் அரைமணி நேரம் வைத்து எடுங்கள்.

உச்சி வெயிலில் ஊற்றவே கூடாது என்பார்கள். பொதுவாகத் தேவையில்லை. ஆனால் மண் வறண்டு செடி தலைசாய்ந்து கிடந்தால் மாலை வரை காத்திருக்க வேண்டாம். நிழலுக்கு நகர்த்தி, வேர்ப்பகுதியில் ஊற்றுங்கள்.

மண்ணுக்குப் போர்வை

வெற்று மண்ணை வெயிலில் விடக் கூடாது. கோடைத் தோட்டத்தின் பாதி வேலை மூடாக்கு போடுவதுதான். சருகு, வைக்கோல், கரும்புச் சோகை, தேங்காய் நார் என எது கிடைக்கிறதோ அதை, தொட்டியில் 2 அங்குலமும் தரையில் 3 முதல் 4 அங்குலமும் பரப்புங்கள். தண்டை ஒட்டி மட்டும் கொஞ்சம் இடம் விடுங்கள். இல்லையென்றால் தண்டு அழுகும், தரையில் கரையானும் ஏறும்.

பள்ளி வளாகத்தில் வேப்பஞ்சருகைக் கூட்டிக் கொளுத்துகிறோமே, அதைப் பிள்ளைகளிடம் ஒரு பையில் கொடுத்து அனுப்புங்கள். ஒரே அளவுள்ள இரண்டு தொட்டியில் ஒரே அளவு நீர் ஊற்றி, ஒன்றில் மட்டும் சருகு போட்டு, அறிவியல் ஆய்வகத் தராசிலோ பக்கத்து மளிகைக் கடைத் தராசிலோ மூன்று நாள் எடை போடச் சொல்லுங்கள். ஹேல்ஸ் செய்த வேலைதான். எந்தத் தொட்டி எவ்வளவு எடை இழந்தது என்று பிள்ளைகளே கண்டுபிடித்து எழுதும்போது, மூடாக்கைப் பற்றி நாம் சொல்ல ஒன்றும் மிச்சம் இருக்காது.

நிழல் எங்கே விழுகிறது?

ஏப்ரல் கடைசி வாரத்தில் வேலூர், சென்னைப் பகுதியில் நிழலில்லா நாள் வரும். நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். தெற்கு மாவட்டங்களில் அதற்கு முன்பே வந்துவிடும். அதன் பிறகு மே, ஜூன், ஜூலை முழுவதும் தமிழ்நாட்டில் நண்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே இருக்கும். அதாவது, மார்கழியில் தெற்குச் சுவருக்குப் பின்னால் நாள் முழுதும் நிழலில் இருந்த தொட்டிக்கு மே மாதத்தில் அந்தச் சுவர் உதவாது. எனக்கு இது புத்தகத்தில் தெரியும். ஆனால் என் புதினா இரண்டு கோடை கருகிய பிறகுதான் மாடியில் அதைப் பார்த்தேன்.

கோடையில் செடிக்குக் காலை வெயில் போதும். பிற்பகல் வெயில்தான் கருக்குகிறது. மாடியில் மேற்குக் கைப்பிடிச் சுவரின் உட்புறம் ஒட்டி வைத்தால் பிற்பகலில் நிழல் கிடைக்கும். நண்பகலுக்கு மேலே ஏதாவது வேண்டும். பச்சை நிழல்வலையில் 50 சதவீதம் நிழல் தருவது போதும். அதைவிட அடர்த்தியானது காய்கறிக்கு ஆகாது. வலை வாங்க முடியாதவர்களுக்குத் தென்னங்கீற்றும் பழைய பருத்திப் புடவையும் இருக்கின்றன. செடியின்மேல் படியாமல், காற்று போக இடம் விட்டு, உயரத்தில் கட்டுங்கள்.

தொட்டிகளைத் தனித்தனியாக வைக்காமல் நெருக்கி வையுங்கள். ஒன்றின் நிழல் மற்றொன்றின்மேல் விழும். சூடான தளத்தில் நேரே வைக்காமல் இரண்டு செங்கல்மேல் வையுங்கள். கறுப்புப் பை வெப்பத்தை உள்வாங்கும். அதைச் சாக்குத் துணியால் சுற்றலாம், மண்தொட்டிக்குள் இறக்கியும் வைக்கலாம். எதில் வைத்தாலும் அடியில் ஓட்டை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இதை இனி நான் மறக்கவே மாட்டேன்.

தண்ணீர் இல்லாத வீட்டில்

நான்கு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும் தெருவில் தோட்டம் பற்றிப் பேசலாமா? பேசலாம். ஆனால் குடிநீர்க் குடத்திலிருந்து ஒரு சொம்புகூடக் கேட்காமல் பேச வேண்டும். அந்தக் குடத்தைச் சுமப்பவர் பெரும்பாலும் அம்மா, இல்லையென்றால் நம் மாணவி.

அரிசி கழுவிய நீர், காய்கறி கழுவிய நீர் இரண்டையும் எந்தச் செடிக்கும் ஊற்றலாம். சோப்பு கலந்த நீர் வாழைக்கும் கல்வாழைக்கும் போகட்டும். கீரைக்கு வேண்டாம். வீட்டுக் குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி வெளியே தள்ளும் நீரில் உப்பு அதிகம். அதை மட்டுமே தொடர்ந்து தொட்டிக்கு ஊற்றினால் மண்ணில் உப்புப் படியும்.

இன்னொரு பழைய வழி பானைப் பாசனம். சூளையில் சுட்ட, பூச்சு இல்லாத சிறு கலயத்தைக் கழுத்து வரை மண்ணில் புதைத்து, நீர் நிரப்பி, மூடி வைக்க வேண்டும். மண் காயக் காயக் கலயத்தின் நுண்துளைகள் வழியாக நீர் கசியும். மண் ஈரமாக இருந்தால் கசிவு குறையும். 'எப்போது ஊற்றுவது' என்ற கேள்விக்குப் பானையே பதில் சொல்லிவிடுகிறது. சீனாவில் கி.மு. முதல் நூற்றாண்டில் ஃபான் ஷெங்ஷி எழுதிய வேளாண் நூலிலேயே இந்த முறை இருக்கிறது. பொங்கல் பானை, பழைய கலயம் என்று நம் வீடுகளில் எது கிடந்தாலும் பயன்படுத்தலாம். கலயத்தைச் சுற்றி இரண்டு மூன்று செடி வைக்கலாம். ஊருக்குப் போக வேண்டியிருந்தாலும் மூன்று நான்கு நாள் தாங்கும். உப்பு நீர் உள்ள ஊரில் அவ்வப்போது எடுத்துத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

கோடையில் செய்யக் கூடாதவை

வாடிய செடிக்குச் சத்து வேண்டும் என்று நினைத்து உரம் போடாதீர்கள். காய்ந்த மண்ணில் உரத்தின் உப்பு மிகுந்தால் வேரிலிருந்தே நீர் வெளியேறும். சவ்வூடு பரவல் பாடத்தில் உலர்திராட்சையை வைத்துச் செய்கிறோமே, அதேதான். கிளையை ஒட்ட வெட்டாதீர்கள். தொட்டி மாற்றாதீர்கள். இந்த மூன்று வேலைகளும் முதல் மழைவரை காத்திருக்கட்டும்.

தக்காளி பூ உதிர்த்தால் உங்களை நொந்துகொள்ளாதீர்கள். 35 டிகிரிக்கு மேல் அதன் மகரந்தம் சரியாக வேலை செய்வதில்லை. வெண்டை, கொத்தவரை, தட்டைப்பயறு, தண்டுக்கீரை, பாகல் ஆகியவை இந்த வெயிலைத் தாங்கும்.

இலையில் வெளிறிய புள்ளிகளும் அடிப்புறம் மெல்லிய நூலாம்படையும் இருந்தால் அது செம்பேன். வறண்ட சூட்டில் பெருகும். காலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி நீரைப் பீய்ச்சினால் பெரும்பாலும் அடங்கும். மாவுப்பூச்சியை ஈரத்துணியால் துடைத்து எடுக்கலாம். இரண்டுக்கும் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயுடன் சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து தெளிக்கலாம். வெயிலில் தெளித்தால் இலை கருகும் என்பதால் மாலையில் மட்டும் தெளியுங்கள். தோட்டத்தின் ஓரம் ஓர் அகன்ற மண்சட்டியில் குருவிக்கும் தண்ணீர் வையுங்கள். நாள்தோறும் அந்த நீரை மாற்றிவிடுங்கள், கொசு முட்டையிடும்.

மீண்டும் பிள்ளைகளிடம்

இப்போதும் நான் கன்று கொடுக்கிறேன். ஆனால் தேர்வு முடிந்த கடைசி நாளில் அல்ல, மார்ச் தொடக்கத்திலேயே. ஒரு மாதம் வகுப்பறை வாசலில் வைத்துப் பிள்ளைகள் பழகுகிறார்கள். பையின் அடியில் ஆணியால் ஓட்டை போடுவது முதல் வேலை. விரலால் ஈரம் பார்ப்பது இரண்டாவது. தராசில் எடை போடுவது மூன்றாவது. பிறகுதான் வீட்டுக்கு.

வீட்டில் தண்ணீர் எப்படி வருகிறது, எங்கே வைக்கலாம் என்று ஒவ்வொருவரிடமும் கேட்கிறேன். எடுத்துப் போக இயலாதவர்கள் எடுத்துப் போக வேண்டாம். இரண்டு வீட்டுக்கு ஒரு கன்று என்றும் பகிர்ந்துகொள்கிறார்கள். 'தினமும் தண்ணீர் ஊற்று' என்ற வாக்கியம் இப்போது கிடையாது. ஒரு தாளில் நான்கு கேள்விகள் மட்டும் கொடுக்கிறேன். காலையில் மண்ணில் ஈரம் இருந்ததா? இலை எந்த நேரத்தில் துவண்டது? நிழல் எத்தனை மணிக்கு வந்தது? இன்று நீ என்ன செய்தாய், ஏன்?

அன்று தலைகுனிந்து நின்ற மாணவன் அடுத்த ஆண்டு தானாகவே வந்து கன்று கேட்டான். அரிசி கழுவிய நீரை அம்மா தருவதாகச் சொல்லிவிட்டார் என்றான். அழுத மாணவியும் வாங்கிக்கொண்டாள். பையைத் திருப்பிப் பிடித்து, ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாங்கினாள். இரண்டு கன்றும் பிழைத்தன. எல்லாக் கன்றும் பிழைத்தன என்று சொல்ல மாட்டேன். சிலவற்றை ஆடு மேய்ந்தது. ஒன்றைத் தம்பி பிடுங்கிவிட்டான். சில காய்ந்தன.

ஆனால் ஒரு விதி வைத்திருக்கிறோம். செத்த செடியையும் பள்ளிக்குக் கொண்டுவரலாம். யாரும் திட்ட மாட்டார்கள். பையைப் பிரித்து, வேரைப் பார்த்து, ஏன் செத்தது என்று எல்லோருமாகச் சேர்ந்து கண்டுபிடிப்போம். ஜூன் மாதத்தில் எங்கள் வகுப்பின் முதல் பாடம் அதுதான். செடி செத்ததற்காக ஒரு பிள்ளை இனி என் வகுப்பில் அழக் கூடாது என்று நினைத்தேன். இதுவரை யாரும் அழவில்லை.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். ஆண்டுத் தேர்வுக்கு முன் இரண்டு பாடவேளை ஒதுக்குங்கள். பிள்ளைகளை வெளியே அழைத்துப் போய் மண்ணில் விரலை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு முன், இன்று மாலை வீட்டுக்குப் போனதும் நீங்கள் ஒருமுறை வைத்துப் பாருங்கள்.